அழிக்கலாகாத நாள்வழி

மதுரையில் வைகையின் வடகரையில், கோரிப்பாளையம் தர்காவிலுள்ள 1573-ஆம் ஆண்டுச் சாசனம், கணக்கெழுதும் எவரும் கருத்தூன்றிக் கவனிக்கத்தக்கது. கூன் பாண்டியன் காலத்தில் 14,000 பொன்னுக்குத் தர்காவைச் சேர்ந்தோர் பெற்றதாகச் சொல்லப்படும் கிராமங்களின்மீது பிற்காலத்தில் விவாதம் எழ, மதுரை நாயக்க மன்னர் வீரப்ப நாயக்கர் பழைய ஆவணங்களைப் பரிசீலித்து, உரிமை அவர்களுக்கே என்று நிர்ணயித்து, சந்திர சூரியர் உள்ளவரை அது செல்லுமாறு ஆணையிட்டார். ஆட்சிகள் மாறி, நேரில் கண்ட சாட்சிகள் மறைந்த பின்னரும், எழுத்தே பிரமாணமாக நின்றது.

நம் வணிகர்களின் கணக்கு முறையும் இந்த நம்பிக்கையின்மேல் எழுந்ததே. அன்றன்றைய வரவும் செலவும் முதலில் நாள்வழியில், நடந்த வரிசையிலேயே பதிவாகும். அதன் பிறகே கணக்கப்பிள்ளை அவற்றை ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார். பேரேடு கரையானுக்கு இரையானாலும் நாள்வழியைக் கொண்டு அதனை மறுபடி எழுதிவிடலாம். நாள்வழி போய்விட்டாலோ, பேரேட்டிலுள்ள பாக்கி எவ்வாறு விளைந்தது என்பதை மெய்ப்பிக்க வழியில்லை.

கணினி யுகத்தில் இந்த நாள்வழியின் ஸ்தானத்தை, தரவுத்தளத்தின் மாற்றங்களை நடந்த வரிசையிலேயே குறித்துவைக்கும் லாக் கோப்பு ஏற்றது. முன்பே வழங்கிவந்த அம்முறையை, தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற சி. மோகன், ஐ.பி.எம். நிறுவனத்துச் சகாக்களுடன் 1992-இல் வெளியிட்ட 'ஏரீஸ்' என்னும் ஆய்வின் மூலம் செம்மைப்படுத்தினார். மாற்றம் தரவுத்தளத்தின் வட்டில் பதியுமுன், அதைப் பற்றிய குறிப்பு லாகில் பதிந்தாக வேண்டும் என்பது அதன் ஆதார விதி. பில் போடும்போது சரக்கிருப்பு குறைந்து, வாடிக்கையாளர் கணக்கில் பற்று ஏறுமுன் மின்சாரம் நின்றுவிட்டதாகக் கொள்வோம். மீண்டும் இயங்கும் தரவுத்தளம், லாகை ஆராய்ந்து, எது பூர்த்தியானது, எது அரைகுறை என்று தெளிந்து, விபத்துவரை நடந்தவற்றை முதலில் அப்படியே திரும்ப நிகழ்த்தி, பின்னர் அரைகுறையானதை மட்டும் பின்னோக்கி நீக்குகிறது. நீக்கியதையும் அது லாகில் எழுதிவைப்பதால், மீட்பின் நடுவே மறுபடியும் மின்சாரம் போனாலும் கணக்கு குழம்புவதில்லை.

2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன், நிறுத்தவியலாதபடி பதிந்துவர வேண்டுமென்பது இந்திய அரசின் விதி. சட்டத்தின் எல்லைக்குள் வாராத சிறு வியாபாரிகளும் இதனைத் தம் நன்மைக்கென்றே கைக்கொள்ளவேண்டும். தரவுத்தளத்தின் லாகும் அவ்வாறே காக்கத்தக்கது: நேற்றிரவு எடுத்த பிரதியோடு அதற்குப் பிந்திய லாகும் வேறோர் இடத்தில் பத்திரமாக இருந்தால், வட்டு பழுதான நிமிஷம்வரை கணக்கை மீட்டுவிடலாம். இடத்தை அடைக்கிறதென்று லாகை அழித்தவருக்கோ, இன்றைய வியாபாரம் முழுவதும் ஞாபகத்தை நம்பியே நிற்கும்.