அகலத்திரையைச் சுருக்கியது யார்?

பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் சினிமாஸ்கோப் படம் பார்த்தவர்களுக்கு ஒரு வேடிக்கை நினைவிருக்கும். எழுத்து ஓடும்போது கதாநாயகன், கதாநாயகி, வீடு, மரம் எல்லாமே ஒல்லியாகவும் நெட்டையாகவும் தெரியும். எழுத்து முடிந்ததும் எல்லாரும் பழைய உடம்புக்குத் திரும்பிவிடுவார்கள். வேடிக்கை அதோடு முடிந்துவிடும். உண்மையான இழப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கும். இருபுறமும் படத்தின் பெரும்பகுதி வெட்டுப்பட்டிருக்கும். இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் இரண்டு மூக்குகள் மட்டும் மிஞ்சுவதும் உண்டு.

இந்த வெட்டுக்குப் பயந்து, தன் படத்தைத் தானே சுருக்கிக்கொண்ட ஓர் ஒளிப்பதிவாளர் இருக்கிறார். இத்தாலியைச் சேர்ந்த விட்டோரியோ ஸ்டோராரோ. அவர் செய்தது சரியா என்ற விவாதம் பல ஆண்டுகள் நடந்தது.

ஒடுக்கி விரிக்கும் லென்ஸ்

சினிமாஸ்கோப்பின் உயிர்நாடி அனமார்ஃபிக் லென்ஸ். படம் பிடிக்கும்போது காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக ஒடுக்கி 35 மில்லிமீட்டர் பிலிமில் பதிய வைப்பது அதன் வேலை. திரையரங்கில் புரொஜெக்டரில் பொருத்தப்பட்ட இன்னொரு லென்ஸ் அதை மீண்டும் விரித்துக் காட்டும். விரிக்காமல் விட்டால், எழுத்து ஓடும்போது கண்ட அந்த ஒல்லி உருவம்தான் தெரியும்.

பிரான்ஸ் நாட்டின் ஹென்ரி கிரெத்தியேன் 1920களில் உருவாக்கிய இந்த உத்தியை, அமெரிக்காவின் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் விலைக்கு வாங்கி 'சினிமாஸ்கோப்' என்று பெயர் சூட்டியது. 1953ஆம் ஆண்டு 'தி ரோப்' படம் அந்தப் பெயரோடு வெளிவந்தது. வீட்டுக்குள் புகுந்துவிட்ட தொலைக்காட்சியிடமிருந்து ரசிகர்களைத் திரையரங்குக்கு மீட்டு வருவதே நோக்கம். தமிழுக்கு இந்த அகலம் 1973ஆம் ஆண்டு வந்தது. ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால், தொலைக்காட்சியை வெல்லப் புறப்பட்ட அகலப் படம் கடைசியில் தொலைக்காட்சிக்கே வந்து சேர்ந்தது. பழைய பெட்டியின் அகலம் அதன் உயரத்தைப்போல 1.33 மடங்கு. சினிமாஸ்கோப்போ 2.35 மடங்கு. பெட்டி முழுவதும் படம் நிறைய வேண்டுமென்றால், நூற்றில் 43 பங்கைத் தூக்கி எறிய வேண்டும். எதை எறிவது என்று தீர்மானித்தவர் இயக்குநரும் அல்லர், ஒளிப்பதிவாளரும் அல்லர். பிரதி தயாரிக்கும் அறையில் அமர்ந்திருந்த யாரோ ஒருவர்.

ஸ்டோராரோவின் கணக்கு

பிலிப்பீன்ஸ் காடுகளில் 1976, 1977ஆம் ஆண்டுகளில் படமாக்கப்பட்ட 'அபோகலிப்ஸ் நவ்' படத்தை ஸ்டோராரோ அனமார்ஃபிக் லென்ஸில்தான் எடுத்தார். பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா இயக்கிய அந்தப் படம் 1979ஆம் ஆண்டு வெளிவந்து, அவருக்கு முதல் ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தது. 'ரெட்ஸ்' இரண்டாவது விருதையும், பெர்னார்டோ பெர்டோலூச்சியின் 'தி லாஸ்ட் எம்பரர்' மூன்றாவது விருதையும் தந்தன.

இனிமேல் ஒரு படம் திரையரங்கில் ஓடும் நாட்களைவிட வீட்டுத் திரையில் வாழும் நாட்களே அதிகம் என்பது அவருக்குப் புரிந்தது. 70 மில்லிமீட்டர் படத்தின் விகிதம் 2.2. புதிதாக வந்துகொண்டிருந்த அகலத் தொலைக்காட்சியின் விகிதம் 1.78. இரண்டுக்கும் நடுவே நிற்பது ஏறக்குறைய 2. உயரத்தைப்போல இரண்டு மடங்கு அகலம். திரையரங்குக்கும் வீட்டுக்கும் இந்த ஒரே ஃபிரேம் போதும், பிறகு யாரும் கத்தரிக்கோலை எடுக்க வேண்டியதில்லை என்று வாதாடிய அவர், 1998ஆம் ஆண்டு அதற்கு 'யூனிவிசியம்' என்று பெயரிட்டார்.

அதே ஆண்டு வெளிவந்த, கார்லோஸ் சவுரா இயக்கிய 'டாங்கோ' இந்த அளவிலேயே எடுக்கப்பட்டது. அதில் சிக்கல் இல்லை. சிக்கல் பழைய படங்களில் வந்தது.

ஏற்கெனவே 2.35 அகலத்தில் ரசிகர்கள் பார்த்துப் பழகிய 'அபோகலிப்ஸ் நவ்' டிவிடியில் 2 விகிதத்துக்குச் சுருக்கப்பட்டு வந்தது. 2008ஆம் ஆண்டு 'தி லாஸ்ட் எம்பரர்' டிவிடிக்கும் அதே கதி. அகலத்தில் நூற்றில் 15 பங்கு போயிற்று. பீஜிங் அரண்மனை முற்றத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கூட்டம் நிற்க, நடுவே தனியாக நிற்கும் குழந்தைப் பேரரசர். அந்தக் காட்சியின் பொருளே அகலத்தில்தான் இருக்கிறது. அகலம் குறைந்தால் கூட்டம் குறையும். கூட்டம் குறைந்தால் அந்தக் குழந்தையின் தனிமையும் குறையும்.

படைத்தவரே விரும்பிச் செய்தார், கேட்க நமக்கு என்ன உரிமை என்றனர் சிலர். திரையரங்கில் பார்த்ததைப் பறிக்கப் படைத்தவருக்கே உரிமை இல்லை என்றனர் மற்றவர்கள். 2010ஆம் ஆண்டு 'அபோகலிப்ஸ் நவ்' புளூ-ரே வட்டாக வந்தபோது 2.35 அகலம் திரும்பக் கிடைத்தது.

முதலிலேயே முடிவெடுத்தால்

ஸ்டோராரோவின் எண்ணம் மட்டும் தோற்றுப்போகவில்லை. 2013ஆம் ஆண்டின் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்', 2016ஆம் ஆண்டின் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' ஆகிய தொடர்கள் அவர் சொன்ன 2 விகிதத்திலேயே வந்தன.

அனமார்ஃபிக் லென்ஸ் என்றாலே மிக அகலமான படம்தான் என்ற எண்ணமும் மாறிவிட்டது. பின்னணியை அது மங்கலாக்கும் விதம், ஓரங்களை மென்மையாக்கும் விதம் இவற்றுக்காகவே அதை விரும்பும் ஒளிப்பதிவாளர்கள் உண்டு. 2019ஆம் ஆண்டு வெளிவந்த 'ஜோஜோ ராபிட்' படத்தின் விகிதம் 1.85 மட்டுமே. ஆனாலும் அது அனமார்ஃபிக் லென்ஸில் எடுக்கப்பட்டது. பாதியாக ஒடுக்கும் லென்ஸுக்குப் பதில், 1.3 மடங்கு மட்டும் ஒடுக்கும் லென்ஸைப் பயன்படுத்தினார்கள். லென்ஸின் அழகும் கிடைத்தது, பெரிதாக எதையும் வெட்டி எறிய வேண்டிய தேவையும் வரவில்லை.

வேறுபாடு அகலத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. துணியை வெட்டுவதற்கு முன் அளவெடுப்பவர் தையற்காரர். தைத்து முடித்து, உடுத்திப் பழகிய சட்டையின் ஓரத்தை வெட்டினால், வெட்டியவர் அதைத் தைத்தவராகவே இருந்தாலும், உடுத்தியவர் கேள்வி கேட்கத்தான் செய்வார்.