பீர்க்கு: ஆரணி வட்டாரத்தின் கொல்லைக் காய்

பீர்க்கு வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுக் கொடி. இதன் இளங்காய் பீர்க்கங்காய் என்ற பெயரில் சமைத்து உண்ணப்படுகிறது. தமிழ்நாடெங்கும் விளைந்தாலும், கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணியிலும் அதைச் சுற்றிய சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற நெசவு ஊர்களிலும் இது வயல் பயிர் என்பதைவிட வீட்டுப் பயிர். பட்டுப்புடவைக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர்பெற்ற இந்த வட்டாரம் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. 1989-க்கு முன் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. இங்கே தறி வீட்டின் முன்பகுதியில் இருக்கும். பின்னால் கிணற்றடியிலோ துணி துவைக்கும் கல்லருகிலோ ஒரு பந்தல் நிற்கும். அந்தப் பந்தலில் ஏறும் கொடிகளில் அவரை, சுரை, புடலை ஆகியவற்றோடு பீர்க்கும் ஒன்று.

தாவரவியலில் இதன் பெயர் லூஃபா அக்யுடாங்குலா. வெள்ளரிக் குடும்பத்தில் 950-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் லூஃபா பேரினத்தில் இருப்பவை ஏழெட்டு மட்டுமே. தாவரவியலாளர் லின்னேயஸ் இதை வெள்ளரியின் பேரினத்திலேயே சேர்த்திருந்தார். சோழமண்டலக் கரையில் நெடுங்காலம் பணியாற்றிய வில்லியம் ராக்ஸ்பர்க் இதை லூஃபாவுக்கு மாற்றினார். அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்பே, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ என்ற தாவர நூலின் தொகுதிகளில் மலையாளக் கரையின் பீர்க்கு படத்தோடு இடம்பெற்றுவிட்டது. பத்து விளிம்புகள் எடுத்து நிற்கும் காயே இதன் அடையாளம். விளிம்பில்லாமல் வழவழப்பாக இருப்பது நுரைப்பீர்க்கு. அது தனி இனம். முற்றிக் காய்ந்ததும் உடல் தேய்க்கும் நாராகப் பயன்படுவது பெரும்பாலும் அதுவே. இரண்டாம் உலகப் போருக்கு முன் நீராவிக் கப்பல்களின் வடிகட்டிகளுக்காக அமெரிக்கா ஜப்பானிலிருந்து இறக்குமதி செய்ததும் அந்த நாரைத்தான். வேலியோரம் தானே முளைக்கும் பேய்ப்பீர்க்கு, பீர்க்கின் கசப்பு வகை. அது சித்த மருந்துக்கு உரியது, அடுப்புக்கு உரியதன்று.

பீர்க்கின் தாயகம் இந்தியா. தமிழரோடு இதற்குள்ள உறவின் பழமையைச் சங்கப் பாடல்களிலிருந்து அறியலாம். அங்கே இது பீர், பீரம், பீரை என்ற பெயர்களில் வருகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் பூக்களில் பீரமும் உண்டு. நக்கீரரின் நெடுநல்வாடை, வாடைக்காலத்தில் புதர்தோறும் பொன்னிறத்தில் பூத்த பீர்க்கைக் காட்டுகிறது. பிரிவால் மகளிர் மேனியில் படரும் பசலைக்கு இந்த மஞ்சள் பூவே வழக்கமான உவமை. குறுந்தொகையின் 98-ஆம் பாடலில் கோக்குள முற்றனார் உவமையையும் தாண்டிச் செல்கிறார். வீட்டுப் படப்பையில் நீர் ஒழுகும் பசும்புதரில் தழைத்த மாரிக்காலப் பீர்க்கின் பூக்கள் சிலவற்றை எடுத்துப் போய், ‘அவள் நெற்றி இப்படி ஆகிவிட்டது’ என்று தலைவனிடம் சொல்வார் கிடைத்தால் நல்லது என்கிறாள் தலைவி. அக்காலத்திலும் பீர்க்கு வீட்டையொட்டிய தோட்டத்தில், மழைக்காலத்தில் பூத்த கொடி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆடியில் விதைத்தால் ஆவணிக் கடைசியில் பூத்து ஐப்பசி மழை வரை பூத்துக்கொண்டே இருப்பது இன்றைய கொடிக்கும் இயல்பு. பாட்டின் பருவமும் பந்தலின் பருவமும் ஒத்துப் போகின்றன.

நெசவு ஊர்க்காரர் தனியாகக் கவனிக்க வேண்டிய பாடல் புறநானூற்றின் 116-ஆவது. பறம்பு மலையை இழந்த பாரியின் மகளிர் ஒதுங்கியிருந்த சிறு வீட்டைக் கபிலர் அதில் படம்பிடிக்கிறார். முள்வேலி, பஞ்சு பரந்த முற்றம், பக்கத்தில் முளைத்த பீர்க்கு, படரும் சுரை. அந்த முற்றத்துக் குப்பைமேட்டில் ஏறி நின்றுதான் அவர்கள் உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணுகிறார்கள். பஞ்சு கிடக்கும் வீட்டில் பீர்க்கும் சுரையும் ஏறுவது ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய காட்சி. ஆரணியில் பஞ்சின் இடத்தைப் பட்டு எடுத்துக்கொண்டது, கொடிகள் மாறவில்லை. இவ்வளவு பழைய சான்று தமிழ்க் காய்கறிகளில் மிகச் சிலவற்றுக்கே உண்டு.

இதோடு ஒப்பிட, இன்று நகரக் கடைகளில் பீர்க்கோடு அடுக்கப்படும் சுக்கினி மிக இளையது. அது குக்குர்பிட்டா பெப்போ என்ற அமெரிக்க இனத்தின் ஒரு வகை. அந்த இனத்தை மெக்சிகோவின் ஓவஹாக்கா பகுதி மக்கள் ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் பயிராக்கினர். கொடியோடாமல் செடியாக நின்று நீளப் பிஞ்சு தரும் சுக்கினி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் மிலான் பகுதியில் உருவானது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் தமிழர்கள் பீர்க்கங்காய் கிடைக்காதபோது சுக்கினியில் கூட்டும் பொரியலும் செய்கிறார்கள். நீர் மிகுதியும் விரைவாக வேகும் தன்மையும் இரண்டுக்கும் பொது என்பதால் அது பொருந்திப் போகிறது. ஆனால் பீர்க்கின் மெல்லிய இனிப்பும் மணமும் சுக்கினியில் இல்லை.

ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் பீர்க்குக்கு ஏற்றவை. கொல்லையில் எரு இட்ட ஒரு குழியில் நாலைந்து விதை ஊன்றி, முளைத்த பின் நல்ல நாற்று இரண்டை விட்டு மற்றவற்றைப் பிடுங்குவார்கள். பூ மாலையில் விரியும். நுரைப்பீர்க்கின் பூவோ காலையில் விரியும். பூக்கும் வேளையே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். ஆண்பூக்கள் ஒரே காம்பில் கொத்தாகவும், பெண்பூ அடியில் குட்டிக் காயோடு தனியாகவும் நிற்கும். தொடக்கத்தில் ஆண்பூவாகவே வருவதைக் கண்டு கொடி மலடு என்று அறுத்துவிடக் கூடாது. இலையைக் கடிக்கும் சிவப்பு வண்டுக்குக் காலைப் பனியில் அடுப்புச் சாம்பல் தூவுவது பழைய வழக்கம். பழ ஈ குத்திய காயை உடனே பறித்து அழிக்க வேண்டும். கோயம்புத்தூரில் வெளியிட்ட கோ 1, கோ 2, பெரியகுளத்தின் பி.கே.எம். 1 ஆகியவை வேளாண் பல்கலைக்கழக வகைகள். ஆனாலும் முதல் காய்களில் ஒன்றைக் கொடியிலேயே காயவிட்டு விதை எடுக்கும் நாட்டு வகை கொல்லைக்கு ஏற்றது.

பூத்த ஒரு வாரம் பத்து நாளுக்குள் காயைப் பறிக்க வேண்டும். நகம் எளிதில் இறங்கினால் பிஞ்சு. விளிம்பு கத்தி போல் விறைத்து, குலுக்கினால் விதை அசைந்தால் முற்றல். அரிவாள்மணையில் விளிம்பை மட்டும் சீவிவிட்டு நறுக்கினால் போதும். நறுக்கும்போது காம்புப் பக்கமும் நுனிப் பக்கமும் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்ப்பது கட்டாயம். கசந்தால் அந்தக் காயை முழுதும் எறிந்துவிட வேண்டும். வெள்ளரிக் குடும்பத்தின் குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப் பொருளே அந்தக் கசப்பு. அது வேகவைத்தாலும் போகாது. கசந்த சுரைச்சாறு குடித்து இந்தியாவில் உயிரிழப்பு நேர்ந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதே எச்சரிக்கையை விடுத்தது.

நூற்றுக்கு 95 பங்கு நீர் உள்ள காய் என்பதால் தண்ணீர் ஊற்றாமல் சமைப்பதே சரியான முறை. கடலை எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, வெங்காயம் வதங்கியதும் காயைப் போட்டு மூடி, சிறுதீயில் விட்டால் தன் நீரிலேயே பத்து நிமிடத்தில் வெந்துவிடும். சட்டி நிறையப் போட்ட காய் கால்வாசியாகச் சுருங்கும். அதனால் உப்பைக் கடைசியில், சுருங்கிய அளவுக்குப் போட வேண்டும். பாசிப்பருப்போடு சேர்த்துக் கூட்டு செய்வது எல்லா ஊருக்கும் பொது. வட ஆற்காட்டுப் பக்கத்தின் தனிச்சுவை கடைசல். துவரம்பருப்பு அரைவேக்காடாக வெந்ததும் பீர்க்கங்காய், தக்காளி, பச்சைமிளகாய், பூண்டு, சீரகம் சேர்த்துக் குழைய வேகவைத்து, சிறிது புளி விட்டு, மத்தால் கடைய வேண்டும். பிறகு தாளிப்பு வடகத்தை எண்ணெயில் பொரித்துக் கொட்ட வேண்டும். வடகம் இல்லாத கடைசல் பாதிக் கடைசல்தான். கேழ்வரகுக் களிக்கு இது மிகப் பொருத்தம். ஆரணிப் பொன்னிச் சோற்றுக்கும் நன்றாக இருக்கும். மிக்சியில் அரைத்தால் பருப்பும் காயும் பசையாகிவிடும், மத்தே வேண்டும்.

சீவிய விளிம்புகளும் துவையலுக்கு ஆகும். அவற்றை எண்ணெயில் மொறுமொறுப்பு வரும்வரை வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், புளி, பெருங்காயத்தோடு அம்மியில் கரகரப்பாக அரைப்பார்கள். மல்லாட்டை (நிலக்கடலை) மிகுதியாக விளையும் வட்டாரம் என்பதால் பருப்புக்குப் பதில் வறுத்த மல்லாட்டை சேர்ப்பதும் உண்டு. வட்டமாக நறுக்கிக் கடலைமாவில் தோய்த்த பஜ்ஜி மழைநாள் பலகாரம். காயில் மாவுச்சத்து குறைவு, செரிமானத்துக்கு எளிது. அதனால் காய்ச்சலிலிருந்து எழுந்தவருக்கும் வயதானவருக்கும் பத்தியக் கறியாகக் கொடுக்கிறார்கள்.

நெசவு வீட்டில் இந்தக் காய் நிலைத்ததற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பட்டுத் தறி ஒருவர் வேலை அன்று. விடியலில் தெருவில் பாவு (நெடுக்கு இழை) நீட்டவும், பகலில் ராட்டையில் தார் (ஊடை நூல் குச்சி) சுற்றவும், அறுந்த இழை பிணைக்கவும் வீட்டார் அனைவரும் வேண்டும். அடுப்படியில் நெடுநேரம் நிற்க முடியாத வீட்டுக்கு, பத்து நிமிடத்தில் வேகும், காசு கொடுத்து வாங்க வேண்டாத காய் பெரிய உதவி. பட்டு மண்டியில் கூலி தாமதமாகும் வாரங்களில் பந்தல்தான் காய்கறிக் கடை.

இன்று கொல்லைகள் குறைந்துவிட்டன. கான்கிரீட் வீடுகளில் சிலர் மாடியில் சாக்கிலும் தொட்டியிலும் பீர்க்கு வளர்க்கிறார்கள். மற்றவர்கள் சந்தையில் வாங்குகிறார்கள். சந்தைக்கு வருபவை பெரும்பாலும் கலப்பினக் காய்கள். அவற்றின் விதையை எடுத்து மறுபடி ஊன்றினால் அதே காய் வராது.