லயத்திலிருந்து நகரோரத்து வீட்டுக்கு

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது தமிழர் வாழ்வில் ஊறிய பழமொழி. அப்பழமொழியை நாவில் வழங்கிக்கொண்டே மூன்று தலைமுறைக் காலம் பிறர் வளையில் குடியிருந்தவர்கள் மலாயாத் தோட்டத் தமிழர்கள். பேராக் ஆறு வளைந்து திரும்பும் கரையில் அமைந்த தெலுக் இந்தானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலும், அவற்றின் இடத்தில் பின்னர் எழுந்த செம்பனைத் தோட்டங்களிலும் இந்நிலையே நெடுங்காலம் நீடித்தது. நகருக்கு நடந்து செல்லக்கூடிய தொலைவில் தமக்கென ஒரு வீட்டை வாங்க அவர்கள் எவ்வாறு தலைப்பட்டனர் என்பது எளிய வினாவன்று.

முதலில் நகரைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். 1982 வரை இவ்வூர் தெலுக் அன்சன் என்றே வழங்கியது. ஆங்கில அதிகாரி ஆர்ச்சிபால்ட் அன்சன் என்பாரின் பெயரைத் தாங்கியிருந்த அது பேராக்கின் துறைமுகங்களுள் ஒன்றாகத் திகழ்ந்தது. 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. ஆற்றுத்துறையும் நிலையமும் அருகருகே அமைந்தமையால், கடைத்தெருக்களும் சந்தையும் அலுவலகங்களும் கைக்கெட்டும் தொலைவிலேயே நெருங்கி வளர்ந்தன. நடுவே நிற்கும் சாய்ந்த கோபுரம் 1885இல் லியோங் சூன் சோங் கட்டியது. குடிநீர்த் தொட்டியாக எழுந்த அது, மென்மையான அடிநிலத்தால் ஒருபுறம் சாய்ந்தது. (ஆற்று வண்டலில் வீடு வாங்க முனைவோர்க்கு இதனினும் பெரிய எச்சரிக்கை வேறு வேண்டுவதில்லை.) செட்டியார் கோயிலில் சித்ரா பௌர்ணமி விழா நடக்கும் நாள்களில் தோட்டத்து மக்கள் நகருக்குத் திரள்வர். மற்ற நாள்களில், சம்பளம் போட்ட வாரத்துச் சந்தைக்கு வருவதோடு சரி. நகர் கண்ணுக்குத் தெரிந்த உலகமாயினும் குடியிருக்கும் உலகமாக இருக்கவில்லை.

குடியிருக்கும் உலகம் லயம். கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டி வந்த காலத்தில் அமைந்த அந்த நீண்ட வரிசை வீடுகளுக்கு வாடகையில்லை. 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடுத்த பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை. விடியுமுன் பிரட்டு, பின்னர்ப் பால்மரம், மாலையில் கோயில் அல்லது கள்ளுக்கடை, பிள்ளைகளுக்குத் தோட்டத்துப் பள்ளி என யாவும் நடையில் அடங்கின. பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகுத்ததால் பள்ளியும் வாசலுக்கு வந்தது. குறை ஒன்றே. ஆனால் அக்குறை மற்ற எல்லாவற்றையும் விழுங்கும் தன்மையது. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போகும். உழைத்து ஓய்ந்தவர், பிள்ளைகளுள் ஒருவரேனும் அதே தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தாலன்றி, முதுமையில் மூட்டை கட்ட வேண்டியவரே. மகன் படித்து வேறு தொழிலுக்குப் போவது பெற்றோர்க்குப் பெருமை; அதே வேளையில் அவர்கள் தலைக்குமேல் இருந்த கூரைக்கு அதுவே ஆபத்து. இலவச வீடு என்று சொல்லப்பட்டதன் விலை இதுதான்.

இவ்வுண்மை வெட்டவெளிச்சமானது தோட்டத் துண்டாடலின்போது. 1951 முதல் 1960 வரை வெளிநாட்டு நிறுவனங்கள் விற்ற தோட்டங்கள் சிறு சிறு நிலங்களாகக் கூறு போடப்பட்டன. இந்நிகழ்வை உங்கு அசிஸ் விரிவாக ஆய்ந்துள்ளார். வேலை இழந்தோர் லயத்தையும் இழந்தனர். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததற்கு இதுவே பின்னணி. மாதம் பத்து வெள்ளி வீதம் சேமித்துப் பங்கு வாங்கிய தொழிலாளர் பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் முதலிய தோட்டங்கள் வாங்கப்பட்டன. போற்றத்தக்க முயற்சிதான். எனினும் நிலத்தைக் காப்பதே அதன் தலையாய நோக்கம். குடும்பந்தோறும் தனி வீடு, தனிப் பட்டா என்பது வேறு வழியாகவே வரவேண்டியிருந்தது. 1966இல் வந்த தொழிலாளர் குடியிருப்புச் சட்டமும் வீட்டின் தரத்தை வரையறுத்ததேயன்றி உரிமையை மாற்றவில்லை.

வேறு வழி மலிவு விலை வீடுகளாக வந்தது. 1980களின் தொடக்கத்தில் அத்தகைய வீட்டின் உச்சவிலை 25,000 வெள்ளியென அரசு வரையறுத்தது. மாதம் 750 வெள்ளிக்கு மேற்படாத வருமானமுடைய குடும்பங்களுக்கு அவ்வீடுகள் உரியன. 1998 வரை நீடித்த இவ்விலை இன்று சிறிதாகத் தோன்றலாம். நாட்கூலிக்காரர்க்கு அது மலை. மழை பெய்தால் மரம் சீவ இயலாது. சீவாத நாளுக்குக் கூலி குறையும். ஏறி இறங்கும் வருமானத்தை நம்பிக் கடன் கொடுக்கத் தயங்காத வங்கி அரிது. ஆகவே தாலிக்கொடி ஒழிந்த மற்ற நகைகள் அடகுக்குச் சென்றன. சீட்டுப் பணம் முன்பணமாயிற்று. தொழிற்சாலையில் நிலையான மாதச் சம்பளம் பெற்ற மகனோ மகளோ கடன் பத்திரத்தில் கையொப்பமிட்டனர். ஊழியர் சேமநிதி 1994இல் சந்தாவை மூன்று கணக்குகளாகப் பிரித்து, இரண்டாம் கணக்கை வீடு முதலிய தேவைகளுக்குத் திறந்தது பலருக்குக் கைகொடுத்தது. ஓய்வுக்கால அரிசியை முன்கூட்டியே உலையில் போடுவதா எனத் தயங்கியோரும் இருந்தனர். அத்தயக்கத்தைப் பேதைமை என்று ஒதுக்கிவிட முடியாது.

இவ்வாறு வாங்கப்பட்ட வீடுகள் நகரோரத் தாமான்களில் எழுந்தன. அவற்றுள் தாமான் சிசிலி என்பதும் ஒன்று. சிசிலி என்பது கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வட்டாரத்தில் இயங்கிய ரப்பர்த் தோட்டத்தின் பெயர். மரங்கள் மறைந்தன, பெயர் வீட்டு முகவரியில் தங்கியது.

நகரை ஒட்டி வீடு வாங்கியவர்க்குக் கிடைத்தது சுவரும் கூரையும் மட்டுமன்று. மருத்துவமனைக்குச் செல்லத் தோட்டத்து லாரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இடைநிலைப் பள்ளி மாணவன் மாலை வகுப்பு முடிந்து பேருந்தைத் தவறவிட்டாலும் நடந்தே வீடு சேர்வான். சந்தையில் மீன் விலை இறங்கும் நேரம் பார்த்துச் செல்ல மூதாட்டிக்கும் இயன்றது. ஆனால் வீட்டுத் தலைவரின் வேலை பெரும்பாலும் தோட்டத்திலேயே இருந்தது. பிற ஊர்களில் மக்கள் புறநகரில் உறங்கி நகருக்கு வேலைக்கு விரைவர். இங்கோ நகரோரத்தில் உறங்கியவர் இருள் பிரியுமுன் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கு விரைந்தார். இருப்புப்பாதையோ 1989இல் மூடப்பட்டது. இரயிலை நம்பி இவ்வூரில் வீடு வாங்கியிருந்தோர்க்கு அதன்பின் சாலையே கதி.

இப்பெயர்ச்சியில் தமிழ்ப்பள்ளிகள் கொடுத்த விலையை ஆசிரியர்களே நன்கறிவர். தோட்டத்து நிலத்தில் நின்றமையால் அவற்றுள் பல பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருந்தன. லயங்கள் காலியாகக் காலியாக மாணவர் எண்ணிக்கை சுருங்கியது. ஒரு வகுப்பறையில் இரண்டு ஆண்டு மாணவரை அமர்த்திப் பாடம் நடத்தும் நிலையும் சில இடங்களில் வந்தது. சில பள்ளிகள் தாமான்களுக்கருகே இடம் பெயர்ந்து தழைத்தன. இடம் கிடைக்காதவை தோட்டத்திலேயே நின்றன. அத்தகைய பள்ளிகளுக்காக விடியற்காலையில் தாமான் வாசல்களில் வேன் வந்து நிற்கும். வீட்டு வாசலில் நகரம் இருக்க, பெற்றோர் விட்டுவந்த அதே செம்மண் பாதையில், புத்தகப்பையோடு பிள்ளைகள் தோட்டத்துக்குத் திரும்பிச் செல்வர்.