குவாடல்கனால் மேட்டிலே

ஹோனியாரா விமான நிலையத்துக்குத் தெற்கேயுள்ள புல்மேட்டில் நாம் ஏறி நின்றோம். 1942 செப்டம்பரில் அம்மேட்டைப் பிடிக்க வந்து சிதறிய கவாகுச்சியின் ஜப்பானியப் படை, அதற்கு ஒன்பது மாதம் முன் நம் சரவாக்கின் மீரியில் கரையேறிய படையேயாம்! குவாடல்கனாலில் மாண்ட ஜப்பானியர் ஏறத்தாழ 20,000 பேர். அவருட் பாதிக்கு மேற்பட்டோரைக் கொன்றவை பட்டினியும் நோயுமே.

இவை நூல்களில் உள்ளவை. உடன் வந்த மலைட்டாத் தீவு முதியவரோ வேறு கதை கூறினார். அவர் தந்தையார், ஆங்கிலேயர் திரட்டிய தொழிற்படையில் மாதம் 1 பவுன் கூலிக்குப் பெட்டி சுமந்தவர். ஆங்கே அமெரிக்கக் கறுப்புச் சிப்பாய்கள் வெள்ளையரைப் போலவே உடுத்து உண்பதைக் கண்டார். கண்ட கண் சும்மா இருக்குமோ? யுத்தம் ஓயுமுன்பே மலைட்டாவில் ‘மாசினா’ இயக்கம் கிளர்ந்தது. பழைய கூலிக்குத் தோட்டஞ்செல்ல மறுத்தனர்; 1947ல் தலைவர்கள் சிறைப்பட்டனர். தோட்டக்காட்டில் வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டுவதில்லை.

இறங்குகையில் சுள்ளி பொறுக்கித் தேநீர் காய்ச்ச முனைந்தோம். முதியவர் நம் கையைப் பற்றித் தடுத்தார். வெடியாத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. அடுப்புச் சூட்டில் அவை வெடித்து மாண்டோர் உண்டு. தேநீரை அவர் வீட்டிலே அருந்தினோம்.