பேராதனையும் எமது கல்லூரிப் பெண்களும்

எமது பழைய மாணவியர் சங்கம் தொடங்கிய காலத்தில் இலங்கையில் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கவில்லை. கொழும்பில் 1921இல் திறக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி மட்டும் இருந்தது. அங்கு படித்தவர்கள் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கே தோற்றினார்கள். மருத்துவக் கல்லூரி 1870இல் ஆரம்பமாகியிருந்தும் பெண்களை 1892இல்தான் சேர்த்துக்கொண்டது. சங்கத்தின் முதல் அங்கத்தவர் ஒருவர் பட்டம் பெற விரும்பியிருந்தால் கொழும்புக்கோ சென்னைக்கோ போயிருக்க வேண்டும். அதற்கு எத்தனை வீடுகளில் சம்மதம் கிடைத்திருக்கும்? இந்த நிலையை மாற்றியதில் பேராதனைக்குப் பெரும் பங்குண்டு. ஆகவேதான் நூற்றாண்டு மலரில் அதன் கதையையும் சேர்க்க விரும்பினோம்.

நாட்டுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற குரலை முதலில் உரத்து எழுப்பியவர்களுள் ஒருவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1906இல் அமைந்த இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை அவரே முன்னின்று நடத்தினார். அவர் கேட்டது கிடைக்கும்போது அவர் உயிருடன் இல்லை. பல்கலைக்கழகம் கொழும்பில் அமைவதா கண்டிப் பக்கம் அமைவதா என்ற இழுபறியிலேயே பல ஆண்டுகள் கழிந்தன. இறுதியில் பேராதனை தெரிவானது. 1942 யூலை 1ஆம் திகதி, ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராக, 904 மாணவர்களுடன் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. ஆனால் யுத்த காலம்; கட்டடம் எழுப்ப வழியில்லை. பேராதனைப் பூங்காவில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இருந்தது. பல்கலைக்கழகமோ கொழும்பிலேயே காத்திருந்தது.

1949இல் முதல் தொகுதி மாணவர்கள் பேராதனைக்கு வந்தார்கள். 1952 ஒக்டோபரில் கலைப்பீடம் வந்தது. 1954 ஏப்ரலில், எலிசபெத் மகாராணியாரின் வருகையின்போது, எடின்பரோ கோமகன் வளாகத்தை முறைப்படி திறந்துவைத்தார். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த இடம் என்பதால், அது வழமையைவிடக் கூடுதலாகத் திறந்திருப்பதாக அறிவிக்கிறேன் என்று அவர் சொன்ன பகிடி இன்றும் அங்கு சொல்லப்படுகிறது.

வளாகத்தின் திட்டத்தில் பற்றிக் அபர்குரொம்பி, கிளிபர்ட் ஹொலிடே என்னும் ஆங்கிலேயரின் பெயர்கள் பேசப்படும். கட்டடங்களுக்குக் கண்டிய மண்டபங்களின் சாயலைக் கொடுத்தவர் ஷேர்லி டி அல்விஸ். ஹந்தானை மலைச்சரிவும் மகாவலியும் மிகுதியைச் செய்தன. அழகைப் பற்றி எழுதாதவர் இல்லை. நாம் அதில் அதிகம் நிற்கவில்லை. அந்த நிலத்தில் பெரும்பகுதி தோட்டக் காணி என்பதைச் சொல்பவர்கள்தான் குறைவு. 1948இல் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு பேராதனையில் வகுப்புகள் தொடங்கின. பக்கத்து மலைகளின் லயங்களில் பிறந்த பிள்ளைகள் மாணவராக அந்த வாசலுக்கு வரப் பல பத்தாண்டுகள் சென்றன.

வடக்கிலிருந்து போன பெண்களுக்குப் பேராதனையில் முக்கியமாக அமைந்தது விடுதி வாழ்க்கை. மாணவர் எல்லோரும் வளாகத்திலேயே தங்கிப் படிக்கவேண்டும் என்பது ஜெனிங்ஸின் எண்ணம். கொழும்பில் யாருடைய வீட்டில் தங்குவாள் என்று தயங்கிய பெற்றோருக்குச் சங்கமித்தை, ஹில்டா ஒபேசேகர என்ற பெண்கள் விடுதிகளும் அவற்றின் பெண் பொறுப்பாளர்களும் ஒரு பதிலாக அமைந்தார்கள். யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் பொல்காவலையில் இறங்கிக் கண்டிப் புகையிரதத்தில் மாறி ஏறினால் போதும். பாடத்திட்டத்தைவிட அந்த விடுதி அறைகளே எம்மவரைக் கூடுதலாக மாற்றின என்பது எங்கள் கருத்து. காலியிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் வந்தவர்களுடன் ஒரே மேசையில் சாப்பிட்டு ஒரே குளியலறைக்கு வரிசையில் நின்றவர்கள் அவர்கள்.

தமிழுக்கும் அது நல்ல காலம். 1943இல் சுவாமி விபுலாநந்தர் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவருக்குப் பின் க. கணபதிப்பிள்ளை. சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் படித்தவர் மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றை ஆடியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். மலைச்சரிவில் குறிஞ்சிக் குமரனுக்குக் கோயிலும் எழுந்தது.

1960இல் கலைப்பீடத்துக்குச் சிங்கள, தமிழ் மொழிமூல மாணவர்கள் முதன்முறையாக வந்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது, அது நியாயமானதே. ஆனால் அதுவரை ஒரே விரிவுரையில் இருந்தவர்கள் இரண்டு மண்டபங்களுக்குப் பிரிந்தார்கள். 1971இல் தரப்படுத்தல் வந்தது. அவ்வாண்டு மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளி போதும், தமிழ்மொழி மூலத்தினருக்கு 250 வேண்டும். எமது கல்லூரியில் அந்த 21 புள்ளிகளைப் பற்றிப் பேசாத வகுப்பறை இருந்திருக்காது. மாவட்ட ஒதுக்கீடு அதற்குப் பின்னர் வந்தது. அதனால் பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகளும் பயன் பெற்றார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

1983 மே மாதம், யூலைக் கலவரத்துக்கு முன்பே, பேராதனையில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விடுதிகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். சிலர் யாழ்ப்பாணத்தில் படிப்பைத் தொடர்ந்தார்கள். சிலர் நாட்டைவிட்டே போனார்கள். 1989இல் சிங்கள இளைஞரின் முறை வந்தது. வெட்டப்பட்ட தலைகள் வளாகத்துக் குளமொன்றைச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. அந்தக் குளத்தின் பெயர் அல்விஸ் குளம், கட்டடக் கலைஞரின் நினைவாக.

இதற்குப் பிறகும் எம்மவர் போனார்கள். 1990களின் பிற்பகுதியில் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலிலும், அங்கிருந்து பஸ்ஸிலும் பேராதனைக்குப் போனோம். மருத்துவபீடம் அங்கு 1962இல் தொடங்கியது. கற்பித்தல் ஆங்கிலத்தில் நடந்ததால் கலைப்பீடத்தைப் போல அது இரண்டாகப் பிரியவில்லை. உடற்கூற்று மேசையைச் சுற்றி நின்ற சிங்களப் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் ஆங்கிலம் ஒரே அளவில்தான் திணறியது. அந்தத் திணறலே எங்களைச் சிநேகிதமாக்கியது. கண்டி ஆஸ்பத்திரி வாட்டுகளில் தோட்டத்திலிருந்து வந்த அம்மாவுக்கு நெஞ்சுநோவு எப்போது தொடங்கியது என்று கேட்க எங்களைக் கூப்பிட்டார்கள். கிராமத்திலிருந்து வந்த ஐயாவிடம் அதையே கேட்க நாங்கள் சிங்களம் படித்தோம். வாட்டில் கற்ற அந்தச் சிங்களம் பரீட்சைக்குப் படித்ததைவிட நெடுநாள் உதவியது.

பேராதனையில் படித்த கைலாசபதி 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். வித்தியானந்தன் பின்னர் அதன் துணைவேந்தரானார். இன்று எமது மாணவியர் வீட்டிலிருந்தே மருத்துவம் படிக்கலாம். அது பெரிய ஆறுதல். ஆயினும் பேராதனைக்குத் தெரிவாகும் பிள்ளை பெற்றோரின் பயத்தைப் பார்த்து இடம் மாற்றக் கேட்கும்போது எங்களுக்கு ஒரு கவலை வருகிறது. பயம் காரணமில்லாதது என்று எங்களால் சொல்ல இயலாது.

1952இல் சங்கமித்தைக்குப் போன அக்காமார் சிலர் இன்னும் எம்மிடையே இருக்கலாம். 1983 மே மாதத்தில் அங்கிருந்தவர்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். எங்கள் சங்கத்தின் பழைய மலர்களில் அவர்கள் எழுதிய ஒரு பக்கத்தையும் நாங்கள் காணவில்லை. படங்கள், கடிதங்கள், விடுதி அறை இலக்கம், யார் ஒளித்துவைத்தார்கள், யார் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள் என்பன எவையாயினும் எழுதிச் செயலாளருக்கு அனுப்புங்கள். கையெழுத்தில் இருந்தாலும் நாங்கள் தட்டச்சிட்டுக் கொள்வோம்.