சதுரங்கப் பலகையும் தேர்ச்சி ஆய்வும்

1946இல் ஆட்ரியான் டி குரூட் தம் முனைவர் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேடு, சதுரங்கம் ஆடுபவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பதைப் பற்றியது. ஒரு துறையில் கைதேர்ந்தவருக்கும் மற்றவருக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வியை உளவியல் இன்று அணுகும் வழிகளில் பல அந்த ஏட்டிலிருந்து கிளைத்தவை. நெதர்லாந்துக்காரரான டி குரூட் (1914–2006) ஆட்டத்தை வெளியே நின்று பார்த்தவர் அல்லர். 1937, 1939 சதுரங்க ஒலிம்பியாடுகளில் தம் நாட்டு அணிக்காக ஆடியவர்.

காலமும் அவருக்குக் கைகொடுத்தது. 1935இல் அந்நாட்டவரான மாக்ஸ் யூவே, அப்போதைய சாம்பியன் அலெகினைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனார். நெதர்லாந்தே செஸ் பித்துப் பிடித்துக் கிடந்தது. 1938இல் ஆவ்ரோ வானொலி நிறுவனம் அங்கு நடத்திய போட்டிக்கு உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர் வந்து சேர்ந்தனர். அலெகின், யூவே, கெரெஸ் போன்றவர்களை ஓர் இளம் ஆய்வாளர் எதிரே உட்காரவைத்துச் சோதிப்பது வேறெங்கும் எளிதில் நடந்திருக்காது.

சோதனை எளியது. முன்பின் பார்த்திராத ஓர் ஆட்ட நிலையைப் பலகையில் அடுக்கி, அடுத்து எந்தக் காயை நகர்த்துவது என்று கேட்பார். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொள்வார். யோசனையைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கலாம் என்ற அடிப்படை ஜெர்மானிய உளவியலாளர் ஓட்டோ செல்ட்ஸிடமிருந்து வந்தது. யூதரான செல்ட்ஸ் நாஜிகளுக்குத் தப்பி ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம் புகுந்தவர். 1943இல் பிடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

வல்லவர்கள் அதிக நகர்த்தல்களை, அதிக ஆழத்துக்குக் கணக்கிடுவார்கள் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. குறிப்புகளில் அது தென்படவில்லை. டி குரூட் 1936இல் தாமே ஆடிய ஓர் ஆட்டத்தின் நிலை சோதனையில் இருந்தது. மந்திரியால் ஒரு காயை வெட்டுவதே அதில் சிறந்த நகர்த்தல். கிராண்ட்மாஸ்டர்களில் பெரும்பாலோர் அதையே தேர்ந்தனர். கீழ்த் தரத்து ஆட்டக்காரர்களோ கணக்கில் ஏறக்குறைய அதே அளவு உழைத்தும் வேறு நகர்த்தல்களில் போய் நின்றனர். வல்லவர் பார்த்த மாத்திரத்தில் நல்ல நகர்த்தல்களையே கையில் எடுக்கிறார். பின் அதே நகர்த்தலுக்குத் திரும்பத் திரும்ப வந்து ஒவ்வொரு முறையும் சற்று ஆழமாகப் பார்க்கிறார். வேறுபாடு கணக்கில் இல்லை, பார்வையில் இருந்தது. சில விநாடிகள் மட்டும் காட்டி மறைத்த நிலையை மாஸ்டர் தரத்தார் அநேகமாக முழுவதுமாகத் திருப்பி அடுக்கியது இதற்கு வலுச் சேர்த்தது.

டச்சு மொழியில் இருந்ததால் ஏடு இருபதாண்டு காலம் பரவலாக அறியப்படவில்லை. 1965இல் ஆங்கிலத்தில் வந்த பிறகு, பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் சைமனும் வில்லியம் சேஸும் அந்த நினைவுச் சோதனையைக் கையிலெடுத்தனர். 1973இல் அவர்கள் சோதித்தது மூன்றே பேரை: ஒரு மாஸ்டர், ஒரு நடுத்தர ஆட்டக்காரர், ஒரு கற்றுக்குட்டி. உண்மையான ஆட்ட நிலையை ஐந்து விநாடி காட்டியபோது மாஸ்டர் சுமார் 16 காய்களைச் சரியாக வைத்தார். மற்றவர்கள் முறையே 8, 4. காய்களைக் கண்டபடி இறைத்து வைத்தபோது மூவரும் மூன்று, நான்கில் நின்றுவிட்டனர். ஆக, மாஸ்டரின் நினைவாற்றல் பொதுவாகவே பெரிது என்பதற்கில்லை. கோட்டை கட்டிய ராஜா, பக்கத்தில் யானை, முன்னால் மூன்று சிப்பாய்: கற்றுக்குட்டிக்கு இவை ஐந்து காய்கள், மாஸ்டருக்கு ஒரே கொத்து. இத்தகைய கொத்துகள் மாஸ்டரிடம் பல்லாயிரம் இருக்கும் என்றும், அவற்றைச் சேர்க்கப் பத்தாண்டு உழைப்பாவது தேவை என்றும் அவர்கள் கணித்தனர்.

சேஸுடன் சேர்ந்த சுவீடன் நாட்டவர் ஆண்டர்ஸ் எரிக்சன், சதுரங்கத்தை விட்டு எண்களுக்குப் போனார். ஏழு இலக்கம் வரை நினைவில் வைக்க முடிந்த ஒரு கல்லூரி மாணவர், 200 மணி நேரத்துக்கும் மேலான பயிற்சிக்குப் பின் சுமார் 80 இலக்கங்களை ஒப்பித்தார். ஓட்டப் பந்தய வீரரான அவர், இலக்கங்களை ஓட்ட நேரங்களாக மாற்றி நினைவில் வைத்துக்கொண்டார். இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தால் ஆறோடு சரி.

1993இல் பெர்லின் இசைப் பள்ளி வயலின் மாணவர்களைப் பற்றி எரிக்சன் இருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரைதான் வெளியுலகுக்கு எட்டியது. மிகச் சிறந்த குழுவினர் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் தனியே பயிற்சி செய்திருந்தனர். எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் 2008இல் இதை விதிபோலப் பிரபலமாக்க, அது தாம் சொன்னதன்று என்று எரிக்சன் மறுத்தார். சராசரி என்பது ஒருவரையும் கட்டுப்படுத்தாது. அர்ஜென்டினா ஆட்டக்காரர்களை ஆராய்ந்து கம்பிட்டெல்லியும் கோபேயும் 2007இல் வெளியிட்ட கட்டுரையில், மாஸ்டர் தரத்தை எட்ட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரம் போதுமாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000க்கும் மேல் ஆனது.

சேர்த்து வைத்த கொத்துகள் புதியதைக் காணவிடாமல் மறைக்குமா என்பது படைப்பாற்றல் சார்ந்த பழைய கேள்வி. 2008இல் பிலாலிச், மெக்லியாட், கோபே ஆகியோர் இரு தீர்வுகள் உள்ள ஒரு நிலையைத் தந்தனர். ஒன்று எல்லாருக்கும் பழகிய, ஐந்து நகர்த்தலில் முடியும் குதிரை மேட்; மற்றது அதிகம் பழகாத, மூன்றே நகர்த்தலில் முடிவது. பழகியதைக் கண்ட பலர் அதோடு நின்றனர். வேறு வழி தேடுவதாகத்தான் அவர்கள் சொன்னார்கள். கண்ணசைவைப் பதிந்த கருவியோ அவர்கள் பார்வை முதல் தீர்வுக்குரிய கட்டங்களையே சுற்றிவந்ததைக் காட்டியது. பழகிய தீர்வுக்கு இடமில்லாதபடி நிலையைச் சற்று மாற்றியதும் அதே தரத்தவர்கள் குறுகிய வழியைக் கண்டுகொண்டனர். கிராண்ட்மாஸ்டர்கள் மட்டும் முதல் நிலையிலேயே இந்தப் பொறியில் விழவில்லை.