பல்மருத்துவக் கல்லூரியின் சாதனையை எதைக் கொண்டு அளப்பது? சித்தூர், திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பல்மருத்துவக் கல்லூரிகளின் ஆண்டறிக்கைகளில் ஆசிரியர் சாதனைப் பகுதி பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். வெளியான கட்டுரைகள், மாநாட்டு உரைகள், வாங்கிய காப்புரிமைகள், வகித்த பொறுப்புகள் என்று பட்டியல் நீளும். அதில் பொய் இல்லை. ஆனால் அதைப் படித்து முடித்தவரிடம் அந்தக் கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால், அட்டையைத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு பல்மருத்துவக் கல்லூரியின் ஆய்வுத் தகுதியை, தன்னைச் சுற்றியுள்ள மக்களின் வாயைப் பற்றி அது மட்டுமே சொல்லக்கூடிய செய்தி எவ்வளவு என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் வாதம். அதற்கான சான்றுகள் ஆந்திர மண்ணிலேயே கிடைக்கின்றன.

முதல் சான்று 1937ஐச் சேர்ந்தது. கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்த ஹெச். இ. ஷார்ட், மெக்ராபர்ட், பர்னார்ட், மன்னாடி நாயர் ஆகியோருடன் சேர்ந்து சென்னை மாகாணத்தில் குடிநீர் வழியே வரும் புளூரைடு நோய் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அன்றைய நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில் குழந்தைகளின் பற்களில் கறை படிந்திருந்தது. வயது வந்தோருக்கு முதுகெலும்பு இறுகிப்போயிருந்தது. 1940இல் சி. ஜி. பண்டிட், ராகவாச்சாரி முதலியோர் அடுத்த அடியை எடுத்துவைத்தனர். பிள்ளைகளின் பல்லையும் பெரியவர்களின் எலும்பையும் ஒரே ஆய்வுக்குள் கொண்டுவந்து, தண்ணீரோடு சத்துணவையும் சேர்த்துப் பார்த்தனர். இவர்களில் யாரும் பல்மருத்துவக் கல்லூரி ஆசிரியர் அல்லர். (ஷார்ட்டின் பெயரை உலகம் இன்று நினைவில் வைத்திருப்பது மலேரியாக் கிருமியின் கல்லீரல் பருவத்தைக் கண்டறிந்ததற்காக.) சென்னை மருத்துவக் கல்லூரியில் பல்மருத்துவப் பிரிவு தொடங்கியதே 1953இல்தான்.

இரண்டாவது சான்று ஸ்ரீகாகுளம். எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கும் வழக்கம் அங்குண்டு. பெண்களிடம் அது மிகுதி. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பல்லாய்வுப் பிரிவைச் சேர்ந்த ஃபாலி மேத்தாவும் குழுவினரும், கோபன்ஹேகனின் பிண்ட்போர்க்குடன் சேர்ந்து, வீடு வீடாகச் சென்று 10,169 கிராமத்தவரின் வாய்களைப் பார்த்தனர். முடிவுகள் 1971இல் வெளியாயின. மேலண்ணத்தில் வரும் மாற்றங்களை வகைப்படுத்தியதோடு அவர்கள் நிற்கவில்லை. எர்ணாகுளம், பாவ்நகர், ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களில் 36,000 புகையிலைப் பயனாளர்களை ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் சந்தித்து, பழக்கத்தை விடச் சொல்லிப் பார்த்து, அதனால் நோய்க்குறிகள் குறைவதை 1986இல் லான்செட் இதழில் காட்டினர். சொல்லிப் பார்த்தால் கேட்பார்களா என்று மருத்துவர்களே சலித்துக்கொள்ளும் நாட்டில் அது சிறிய முடிவல்ல. இதையும் வெளியூர்க்காரர்கள்தான் வந்து செய்தார்கள்.

மூன்றாவது பல்லைப் பற்றியதல்ல, ஆனால் சித்தூருக்கு மிக அருகில் நடந்தது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியை ஒட்டியது ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை. அங்கிருந்து யோஹன்னஸ் ஃபிரிமோட்-மோல்லர் 1950 முதல் 1955 வரை மதனப்பள்ளியிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் மக்கள்தொகை முழுவதையும் எடுத்துக்கொண்டு நடத்திய காசநோய் ஆய்வை உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழ் 1960இல் வெளியிட்டது. பெரிய நகரம் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. நோயாளி தேடி வருவதற்கு முன்பே ஊருக்குள் போய்த் தலை எண்ணியதுதான் அந்த ஆய்வின் வலிமை.

இந்த மூன்றுக்கும் பொதுவானது பகுதியெண். எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்ற கேள்விக்குப் பதில் இருந்தது. கல்லூரிப் புறநோயாளிப் பிரிவில் அந்தப் பதில் கிடைக்காது. நாற்காலியில் வந்து உட்காருபவர் வலி தாங்காமல் வந்தவர். வலிக்காதவர் வீட்டில் இருக்கிறார். திருப்பதியில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும், ஏனெனில் அங்கே உள்ளூர்வாசிகளோடு நாள்தோறும் பல்லாயிரம் யாத்திரிகர்களும் இருக்கிறார்கள். ஆனால் முதுகலை ஆய்வேடுகள் பெரும்பாலும் இந்த நாற்காலியிலிருந்துதான் பிறக்கின்றன. மூன்றாண்டுப் படிப்பில் மாணவருக்குக் கிடைப்பது சில மாதங்கள். கைக்கெட்டிய நோயாளிகளை வைத்து ஆய்வேட்டை முடிக்கிறார், அது கட்டுரையாகிறது, ஆசிரியர் பட்டியலில் ஒரு வரி கூடுகிறது. அடுத்த மாணவர் வேறு தலைப்பில் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறார்.

தரவரிசை இந்த ஓட்டத்தை விரைவுபடுத்தியிருக்கிறது. தேசிய தரவரிசைக் கட்டமைப்பில் பல்மருத்துவம் தனிப்பிரிவானது 2020இல். அதில் ஆய்வுக்கான பங்கு முப்பது விழுக்காடு. வெளியீடுகளும் மேற்கோள்களும் அதற்குள் அடங்கும். 2023 ஜூனில் சயன்ஸ் இதழ் சென்னையிலுள்ள ஒரு பல்மருத்துவக் கல்லூரியைப் பற்றி எழுதியது: இளநிலை மாணவர்கள் தேர்வு நேரத்தில் எழுதிய கட்டுரைகள் இதழ்களுக்குப் போயின, அவற்றில் அதே கல்லூரியின் கட்டுரைகள் பெருமளவில் மேற்கோள் காட்டப்பட்டன என்று. ஒரு கல்லூரியைக் குறைசொல்வதால் பயனில்லை. எதற்கு மதிப்பெண் தருகிறோமோ அதுதான் விளையும். எண்ணிக்கைக்கும் நியாயம் உண்டு என்பதை மறுக்க முடியாது. அது வருவதற்கு முன் பதவி உயர்வு பணிமூப்பினாலும் பரிந்துரையாலும் நடந்தது. எதையும் எழுதாமலே பேராசிரியராகி ஓய்வு பெற முடிந்தது. அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எண்ண வேண்டியதை எண்ண வேண்டும் என்கிறேன்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் எண்ண வேண்டியது என்ன? தண்ணீரில் தொடங்கலாம். மேற்குச் சித்தூர் கருங்கல் பூமி; ஏரி வற்றினால் ஆழ்துளைக் கிணறுதான் கதி. கருங்கல்லுக்குள் நெடுங்காலம் கிடந்த நீரில் புளூரைடு ஏறும் வாய்ப்பு உண்டு. இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 1.5 என்று வரம்பு வைத்திருக்கிறது. நிலைத்த முன்பற்களின் எனாமல் பிறந்த முதல் நான்கைந்து ஆண்டுகளுக்குள் உருவாகி, ஆறேழு வயது முதல் ஈறு கிழித்து வெளிவருகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முன்பல், அந்தப் பிள்ளை நடை பழகிய காலத்தில் எந்தத் தண்ணீரைக் குடித்தது என்பதற்கான பதிவேடு. கிணற்று நீரை இன்று சோதித்தால் இன்றைய அளவு தெரியும். பல்லைப் பார்த்தால் பத்தாண்டுக்கு முந்தைய அளவின் தடம் தெரியும். டீன் என்ற ஆய்வாளர் 1934இல் வகுத்து 1942இல் திருத்திய புளூரைடு பற்கறைக் குறியீட்டைக் கொண்டு இதைப் பதிய, நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும்.

இதை இப்போதே செய்தாக வேண்டிய காரணமும் இருக்கிறது. ஹந்திரி–நீவா திட்டம் கிருஷ்ணா நீரை ராயலசீமா வழியே குப்பம் வரை கொண்டு சேர்க்கிறது. நிலத்தடி நீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளும், ஆற்று நீர் கலந்து குடித்து வளரப்போகிற பிள்ளைகளும் ஒரே ஊரில் அடுத்தடுத்து வரிசையில் நிற்பார்கள். அப்படியொரு ஒப்பீட்டை எந்த ஆய்வுக்கூடத்திலும் அமைக்க முடியாது. ஆனால் முதல் வரிசையை இன்று பதியாவிட்டால் பிறகு பதிய வழியில்லை. 2002–03இல் இந்தியப் பல்மருத்துவக் குழு நடத்திய தேசிய வாய்நலக் கணக்கெடுப்பு நாடு தழுவியது; மாவட்டத்தின் உட்பிரிவான மண்டலம் ஒவ்வொன்றிலும் இறங்கிப் பார்க்கும் வேலை அதனுடையதல்ல.

புகையிலைக்கும் இதே தர்க்கம் பொருந்தும். முப்பது வயதைக் கடந்தோரின் வாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அரசின் தொற்றாநோய்த் திட்டத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரத்தில் நடந்த பெரும் ஆய்வு, பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வாயைப் பார்த்தாலே புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 2005இல் நிறுவியது. திருப்பதியில் 2022இல் டாட்டா அறக்கட்டளை உதவியோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டுவிட்டது. அங்கேயே பல்மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஐயத்துக்குரிய புண்ணைக் கண்டவரும் அதற்குச் சிகிச்சை தருபவரும் ஒரே நகரில் இருப்பது எல்லா மாவட்டங்களுக்கும் வாய்ப்பதில்லை.

நடைமுறையில் இது கேட்பது பணத்தைவிட ஒழுங்கை. சில மண்டலங்களைத் தேர்ந்துகொண்டு, பொதுச் சுகாதாரப் பல்மருத்துவத் துறையின் ஒவ்வோர் ஆண்டு மாணவரும் முந்தியவர் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு கண்கள் பார்ப்பதால், இருவர் ஒரே பல்லுக்கு ஒரே மதிப்பெண் தருகிறார்களா என்று கப்பா என்னும் ஒத்திசைவு அளவைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே களத்துக்கு அனுப்ப வேண்டும். குப்பம் பக்கம் வினாத்தாள் தெலுங்கில் மட்டும் இருந்தால் போதாது. தமிழ், கன்னட வீடுகளும் அங்கே உண்டு, பாட்டிமார் புகையிலைப் பழக்கத்தைத் தங்கள் மொழியில் கேட்டால்தான் சொல்வார்கள்.

இதில் உண்மையான முட்டுக்கட்டை ஆசிரியருடையது. பத்தாண்டு நீளும் பதிவேட்டைப் பேணும் ஆசிரியருக்கு முதல் ஐந்தாண்டுகளில் வெளியீடு எதுவும் இராது. பக்கத்து அறைக்காரர் அதற்குள் பத்துக் கட்டுரை போட்டு உயர்ந்திருப்பார். ஆகவே பதவி உயர்வு விதியில் பதிவேட்டைத் தொடங்குவது, பேணுவது, பிறர் பயன்படுத்தும்படி ஒப்படைப்பது ஆகிய மூன்றுக்கும் கட்டுரைக்கு இணையான மதிப்பெண் தர வேண்டும். மாநிலச் சுகாதாரப் பல்கலைக்கழகம் ஆய்வேட்டுத் தலைப்புகளை ஏற்கும் இடத்திலேயே, முந்தைய ஆய்வேட்டின் அதே ஊர்களில் தொடரும் தலைப்புக்கு முன்னுரிமை தந்தால், புதிய நிதி ஒதுக்கீடு இல்லாமலே பதிவேட்டின் முதல் தொகுதியைத் தொடங்கிவிடலாம்.